கதையா, சண்டையா?

வீடியோ விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். அறுபதுகளின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சுமொழி ஈழத்துச் சிறுகதைக்குள்ளும் நாவலுக்குள்ளும் புகுந்தபோது பண்டிதர்கள் அதை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தார்கள். முற்போக்கு அணியினர் அந்தப் பழிச்சொல்லை எதிர்த்து நின்றார்கள். அந்த வாதத்தின் வாரிசுகள் என்று நம்மைச் சொல்லிக்கொள்வோமானால், இன்று நம் மாணவர்கள் எதைப்பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறார்களோ அதற்குச் செவிகொடுப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? அவர்கள் வாதாடும் பொருள் இதுதான்: கதை விளையாட்டு உயர்ந்ததா, சண்டை விளையாட்டு உயர்ந்ததா?

நாம் கற்பிக்கும் பாடசாலை பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியை அண்டியது. உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள். மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்திலிருந்து இருளோடு பஸ்ஸேறி வருகிறவர்களும் உண்டு. இடைவேளையில் இவர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். சண்டைக் கட்சிக்குத் தலைவன் கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகன். கதைக் கட்சிக்குத் தலைவன் நகரத்தில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை. அவன் வீட்டில் கணினி இருக்கிறது, வெளிநாட்டில் ஒரு மாமனும் இருக்கிறார்.

சண்டைக் கட்சியின் வேதம் 'ஃப்ரீ ஃபயர்'. சிங்கப்பூர் நிறுவனமான கரீனா 2017இல் வெளியிட்டது. ஐம்பது பேர் பரசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள்; கிடைக்கும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள்; பாதுகாப்பு வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது; வட்டத்துக்கு வெளியே நிற்பவனின் உயிர் தேய்கிறது; பத்து நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். கதைக் கட்சியின் பெருமை 2013இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஒவ் அஸ்'. மகளைப் பறிகொடுத்த ஒருவன், கொள்ளைநோயால் சிதைந்துபோன அமெரிக்காவின் ஊடாக ஒரு சிறுமியை அழைத்துச்செல்லும் கதை.

கடைக்காரர் மகன் ஒரு நாள் சொன்னான்: "நாவல்ல கதாநாயகன் அநியாயம் செஞ்சா நமக்குக் கோபம் வரும் சேர். இதுல அந்த அநியாயத்தை நம்ம கையாலயே செய்ய வைக்கிறாங்க. பட்டனை அழுத்தாம முன்னுக்குப் போகவே ஏலாது." பல்கலைக்கழகத்தில் திறனாய்வுக் கோட்பாடு படித்துப் பட்டம் பெற்ற நமக்கு, வாசகனின் பங்கு என்னும் விஷயத்தை இத்தனை சுருக்கமாக ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் மறு கட்சியான் விடுவதாயில்லை. "அது படம் சேர். நடுவுல நடுவுல பட்டனை அமத்தச் சொல்றாங்க, அவ்வளவுதான். எங்க ஆட்டத்துல ஒவ்வொரு தடவையும் கதை வேற. அதை எவனும் எழுதி வைக்கல. நாங்க நாலு பேரு சேந்து உண்டாக்குறோம்."

உருவமா, உள்ளடக்கமா என்று நமது முன்னோடிகள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக நடத்திய விவாதம் வேறு உடுப்போடு வந்து நிற்கிறது என்றே நமக்குத் தோன்றிற்று. அதைவிடப் பழைய உறவொன்றும் இதற்கு உண்டு. காமன் பண்டிகையையொட்டித் தஞ்சைப் பக்கத்தில் நடக்கும் லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் விடிய விடியப் பாட்டாலே மோதிக்கொள்ளும். கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்த மக்கள் காமன் கூத்தைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். மாசியில் கம்பம் ஊன்றித் தப்பொலியோடு தொடங்கும் அந்தக் கூத்தில் பார்ப்பவன், ஆடுபவன் என்ற கோடு அடிக்கடி அழிந்துபோகும். பொன்னர் சங்கர் கூத்தின் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். வீரர்கள் விழுகிறார்கள், ஆடுபவர்கள் மெய்ம்மறந்தே வீழ்ந்துவிடுவதும் உண்டு, தங்கை தங்காள் வந்து எழுப்புகிறாள். விழுந்தவன் மீண்டும் எழும் ஆட்டம் ஆங்கிலேயக் கணினியோடுதான் வந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார் ஆடிய ஆட்டத்தில் சண்டையும் கதையும் ஒன்றாகவே இருந்தன. அவற்றைப் பிரிக்கவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் இன்று பிரிந்தது எங்ஙனம்? பிள்ளைகளின் ரசனைதான் காரணம் என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் கட்சி சேர்ந்தவர்களின் வீடுகளைப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. 'த லாஸ்ட் ஒவ் அஸ்' விளையாட விலையுயர்ந்த கருவி வேண்டும், பல மணி நேரத் தனிமை வேண்டும், ஆங்கிலம் வேண்டும். பத்தடிக் காம்பிராவில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் இம்மூன்றில் எது இருக்கிறது? ஃப்ரீ ஃபயரோ இலவசம். விலை குறைந்த பழைய போனிலும் ஓடும். அம்மா பிரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு ஆட்டம், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கையில் ஓர் ஆட்டம். பத்து நிமிடம் என்பது ஏழையின் ஓய்வுநேரத்தின் அளவு என்பதை அந்த நிறுவனத்தார் நம்மைவிட நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தை நாம் தற்செயலாகவே அறிந்துகொண்டோம். சண்டைக் கட்சித் தலைவனின் அணியில் நால்வர். இருவர் நம் வகுப்பு. மூன்றாமவன் அவனுடைய அண்ணன். சாதாரணதரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். நான்காமவன் அடுத்த லயத்துப் பையன். நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் இந்த நால்வரும் அந்தத் தீவில் குதிக்கிறார்கள். சுட்டுக்கொண்டே பேசுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி, தோட்டத்தில் மழை பெய்ததா, முதலாளி சம்பளம் கொடுத்தாரா, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா. தோட்டம் சிதறடித்த ஒரு லயம் இரவில் பத்து நிமிடம் கூடுகிறது. எழுதப்படாத கதை என்று அவன் சொன்னானே, அதன் பொருள் அப்போதுதான் நமக்கு முழுமையாகப் புலப்பட்டது.

இதைச் சொன்னதால் அந்த நிறுவனத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிறோம் என்று யாரும் கொள்ளவேண்டாம். இலவசமாக உள்ளே விட்டுவிட்டு, உடுப்பையும் துப்பாக்கிக்குப் பூசும் வர்ணத்தையும் விலைக்கு விற்கிறார்கள். காசு கொடுத்தால் 'வைரம்' கிடைக்கும். வைரத்தைக் கொண்டு அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றலாம். விரும்பியது விழுந்தால் விழும், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. சுவரொட்டி ஒட்டிய லொத்தர் கடைக்குச் சீருடையோடு போகும் பிள்ளையைத் தடுக்கும் சமுதாயம், இந்தச் சக்கரத்தைச் சுற்றும் பிள்ளையைக் காணவில்லை. காணக்கூடிய இடத்தில் அந்தச் சக்கரம் இல்லை. 2022இல் இந்தியா இவ்விளையாட்டைத் தடைசெய்தது. அதற்குச் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. ஏழைத் தாயின் பணப்பை அன்று.

கைத்தொலைபேசியை ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசுகிறவர்களுக்கு 2021ஆம் ஆண்டு மறந்துபோயிருக்கும். கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, இதே போனை வாங்கித் தரச்சொல்லி இதே பெற்றோரை நெருக்கியது கல்வியுலகம். ஊவாவின் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே குன்றேறினார்கள்; லுணுகலைப் பகுதியில் மரத்தின்மேல் கட்டிய குடிலில் அமர்ந்து பாடம் பெற்றார்கள். நாட்கூலி 1,000 ரூபாவாக அறிவிக்கப்பட்டதும் அந்த ஆண்டிலேதான். கடன்பட்டு வாங்கிய போன் பாடம் முடிந்ததும் வீட்டில் தங்கிவிட்டது. அதில் எதைப் போடுவது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் தங்கவில்லை.

சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. சரயேவோ முற்றுகையை நினைவில் கொண்டு வார்சோவில் ஆக்கப்பட்ட 'திஸ் வோர் ஒவ் மைன்' 2014இல் வந்தது. அதில் நாம் படைவீரரல்லர். முற்றுகையிடப்பட்ட நகரில் பட்டினி கிடக்கும் பொதுமக்கள். பக்கத்து வீட்டு முதியவரின் மருந்தைத் திருடுவதா, நம் வீட்டு நோயாளியைச் சாகவிடுவதா என்பது போன்ற இக்கட்டுகளே ஆட்டம். போரைக் கண்ட இந்த நாட்டில் இதைப் பற்றி ஒரு வகுப்பறை பேச எத்தனை இருக்கிறது! 2020இல் போலந்து அரசு இதை மேல்வகுப்பு மாணவர்க்குரிய துணைநூல் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. எஸ்தோனியர்கள் ஆக்கிய 'டிஸ்கோ இலீசியம்' 2019இல் வந்தது. தோற்கடிக்கப்பட்ட புரட்சியொன்றின் இடிபாட்டிலே, துறைமுக வேலைநிறுத்தத்துக்கு நடுவே நடக்கும் துப்பறியும் கதை அது. அமெரிக்காவில் விருது வாங்கிய மேடையில் அதன் படைப்பாளிகள் மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். பத்து இலட்சம் ஆங்கிலச் சொற்களைக் கொண்ட அந்த ஆக்கத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் கடக்கமுடியும் என்பது வேறு கேள்வி.

தமிழிலே இல்லையா என்று கேட்கும் நண்பர்க்கு 'வெண்பா'வைச் சொல்லலாம். டொரொன்டோவின் விசை நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தி, தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் ஆக்குகிறாள். மகன் கவின் வளர வளர மொழியிலிருந்து விலகிப்போகிறான். துப்பாக்கியே இல்லை. 2024இல் பிரித்தானிய பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்பு என்ற பரிசைப் பெற்றது. கடைக்காரர் மகன் இதை வகுப்புக்கு மடிகணினியில் கொண்டுவந்து காட்டியபோது, திரையில் தமிழெழுத்தைக் கண்ட பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன் விலை பதினைந்து டொலர் என்றபோது கைதட்டல் நின்றது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியில், அன்றைய டொலர் விலைக்கு, அது மூன்று நாள் கொழுந்துக்கும் மேல்.

சென்ற தவணையில், நம் ஊரை வைத்து ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்பினரிடம் சொன்னோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் நாம் எதிர்பார்த்தவையே. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் படுத்துக்கொண்டு சுடுவது ஏழு கொப்பிகளில் இருந்தது. (பாலத்தில் ரயில் வருமா என்று கேட்டதற்கு ஒருவர்கூட விடை யோசித்திருக்கவில்லை.) ஆனால் அதுவரை எந்தக் கட்சியிலும் வாய் திறக்காத ஒரு மாணவியின் கொப்பி வேறாக இருந்தது. வீட்டுப் போன் தம்பியின் கையில். அவள் இந்த விளையாட்டுகளைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்ததோடு சரி. அவளுடைய விளையாட்டு கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோவைக் கழிக்கிறார்கள். கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் மறுநாள் செங்குத்தான மலைக்கு அனுப்புவார்கள். அங்கே கொழுந்து குறையும். குறைந்தால் அரைப் பேர். "இதுல ஜெயிக்கிறது எப்பிடி?" என்று சண்டைக் கட்சியான் கேட்டான். "மாசம் முடிஞ்சா அடுத்த மாசம்" என்றாள்.

அவன் தன் கொப்பியை ஒரு வாரம் பிந்தித்தான் கொடுத்தான். கொஸ்லாந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தையை அவன் எடுத்திருந்தான். அவனுடைய தாய்வழி உறவினர் அந்தப் பக்கம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். விலகிப்போக மாற்றுக் காணியும் வீடும் இருக்கவில்லை. உயிர்தப்பியவர்களில் பலர் நெடுநாள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவேண்டியதாயிற்று.

அவனுடைய விளையாட்டில் துப்பாக்கி இல்லை. ஆனால் சுருங்கும் வட்டம் இருக்கிறது. மழை பெய்யப் பெய்யப் பாதுகாப்பு வட்டம் சிறுக்கிறது. ஆட்டக்காரன் காம்பிரா காம்பிராவாகத் தட்டி ஆட்களை எழுப்பி வட்டத்துக்குள் கொண்டுபோகவேண்டும். கிழவி வர மறுக்கிறாள். ஆட்டைக் கட்டவிழ்க்க ஒருவன் திரும்பி ஓடுகிறான். பக்கம் பக்கமாக எழுதியிருந்தவன் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டான். வட்டத்தின் நடுப்புள்ளியை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கொப்பியைக் கடைக்காரர் மகன் வாங்கி வாசித்தான். "கோயில்ல வை" என்றான். கோயிலும் அதே சரிவில்தான் என்றான் இவன். "ஸ்கூல்?" "அதுவுந்தான்." "அப்ப தொழிற்சாலை." "அதுக்குச் சாவி நம்மகிட்ட இல்லையே." மாணவி இடையில் புகுந்து, மேலே துரை பங்களா இருக்கும் மேட்டைக் காட்டினாள். அங்கே ஆட்களை ஏற்ற முடியுமா, கேற்றைத் திறப்பார்களா, திறக்காவிட்டால் ஆட்டக்காரன் என்ன செய்யலாம் என்று மூவரும் தொடங்கிய வாதம் மணியடித்தும் ஓயவில்லை. பசறை பஸ் வந்து நின்றது. ஏறும்போதும் கொப்பி அவர்கள் மூவரின் கையிலும் மாறிக்கொண்டிருந்தது.