ஹேங் ஆனால் உடனே ஃபார்மட்டா?



கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நம்ம ஊரில் இரண்டே வைத்தியம்தான். ஒன்று, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்வது. அதற்கும் கேட்கவில்லை என்றால், "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று போன தடைக்காலத்தில் பார்த்தேன்.

என் மாமா இங்கே கோட்டைப்பட்டினத்தில் மீன் வாங்கி வெளியூர் அனுப்புகிறார். எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம், டீசலுக்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு, யாருக்கு என்ன பாக்கி என்று ஆறு வருடக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதே, அப்போதுதான் கணக்கு முடிப்பார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மவுஸ் மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

பார்க்க வந்தவர், "டிஸ்க் போச்சு, புதுசு போட்டு ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார். மாமா, "கணக்கு அழிஞ்சா யாரு யாருக்குக் கடன்னு யாருப்பா சொல்லுவா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

நான் நம் கம்ப்யூட்டர் சாரிடம் போய்ச் சொன்னேன். சார், "முதல்ல காப்பி எடு, அப்புறம் காரணம் தேடு" என்றார். பென்டிரைவில் பாஸ் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். இது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை லினக்ஸில் ஓட்டி, கணக்கு முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை! அப்படியென்றால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு விண்டோஸ் பக்கம் இருக்கலாம் என்றார் சார்.

அடுத்து விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்த்தோம். ஹேங் ஆன ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக 129 என்ற எண் இருந்தது. டிஸ்க்கிடமிருந்து பதில் வராததால் டிரைவர் அதை ரீசெட் செய்தது என்று அதற்குப் பொருள்.

டிரைவர் என்றால் நமக்குப் பஸ் டிரைவரும் போட் டிரைவரும்தான் ஞாபகம் வரும். இது வேறு. விண்டோஸ் சொல்வதை டிஸ்க் கன்ட்ரோலருக்கும், அது சொல்வதை விண்டோஸுக்கும் எடுத்துச் சொல்கிற சின்ன புரோகிராம். வேலை முடிந்ததும் 'முடிஞ்சது' என்று கன்ட்ரோலர் செய்தி அனுப்ப வேண்டும். அதை அனுப்புகிற ஒரு முறைக்கு எம்எஸ்ஐ என்று பெயர். சில கன்ட்ரோலர்களில் இந்த முறை சரியாக வேலை செய்யாது. வயர்லெஸ் செட்டில் ஒரு சேனலில் கடலிலிருந்து கூப்பிட, கரையில் வேறு சேனலை வைத்துக் காத்திருப்பது போலத்தான். விண்டோஸ் 10-இல் இந்தக் கோளாறு வருவதை மைக்ரோசாஃப்ட்டே எழுதி, தீர்வும் கொடுத்திருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலரின் டிரைவர் விவரத்தைப் பார்த்தோம். ஸ்டோர்ஏஹெச்சிஐ என்று இருந்தது. அது விண்டோஸோடு வரும் டிரைவர். ரெஜிஸ்ட்ரியை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அந்த கன்ட்ரோலருக்குரிய இடத்தில் 'எம்எஸ்ஐ சப்போர்ட்டட்' என்பதை 1-இலிருந்து 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தோம். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை ஹேங் ஆகவில்லை. மாமா ஒரு வாரத்தில் கணக்கை முடித்துவிட்டார். செலவு ஒரு பைசா இல்லை.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலும் இப்படி ஒன்று உண்டு. டிஸ்க்கோடு பேசுவதில் ஆறு பிழை சேர்ந்தால் டிரைவர் வேகத்தைக் குறைக்கும். குறைத்துக் குறைத்துக் கடைசியில் பிஐஓ என்ற ஆமை வேகத்துக்கு வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி வேகம் பிடிக்கும்.

ஆனால் எல்லா ஹேங்குக்கும் டிரைவர்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றில் கேபிள் முனை பழுதாகலாம். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் சி7 எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 05, சி5 எண்கள் ஏறினால், அல்லது 'டிக் டிக்' சத்தம் வந்தால், டிஸ்க்கே சாகப்போகிறது. உடனே காப்பி எடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

நண்பர்களே, ஃபார்மட் அடிப்பது இரண்டு மணி நேர வேலை. அழிந்ததைத் திரும்ப எழுத ஆறு வருடம் போதாது. அதனால் முதலில் காப்பி, இரண்டாவது காரணம், கடைசியில்தான் ஃபார்மட். ரெஜிஸ்ட்ரியில் மட்டும் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு