மெயில் போனால் மற்றதும் போகும்

முகநூல், ஷாப்பிங், ரயில் டிக்கெட் என்று எதில் பாஸ்வேர்டு மறந்தாலும், புதிது போடுவதற்கான லிங்க் வந்து விழுவது நம் மெயிலில்தான். அதற்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். நண்பர்களே, தயவுசெய்து இதை அலட்சியமாக விடாதீர்கள்.

2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. பாஸ்வேர்டு யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றது. அதிலிருந்த லிங்க் போலி; அங்கே பாஸ்வேர்டைப் போட்டதால் கணக்கு திருடர்கள் கைக்குப் போனது. அவருடைய ஆயிரக்கணக்கான மெயில்கள் உலகத்தின் பார்வைக்குப் போயின. பயமுறுத்தி அவசரப்படுத்தும் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். நீங்களே நேராகத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

மெயிலுக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உள்ளே வந்தவர் தன் முகவரிக்கு நகல் போகும்படி அங்கே வைத்திருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் நம் கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது, கணக்கை மீட்கும் கோடு வந்து விழும் ரெக்கவரி எண். இந்தியாவில், துண்டிக்கப்பட்ட மொபைல் எண் 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அம்மா அப்பாவின் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையோடு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போட்டுக் கொடுங்கள். அதில் கிடைக்கும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.