வகுப்புக்கு வராத மடிக்கணினி

பத்து வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்த வீட்டில் பெரும்பாலும் சுவரில் ஒரு பை தொங்கும். உள்ளே அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. சோழபுரம் பக்கமிருந்து வரும் எங்கள் மாணவர்கள் பலருடைய வீட்டில் டி.வி.க்கு அடுத்தபடி விலை கூடிய பொருள் அதுதான். அம்மா பஞ்சு மில்லில் ஷிப்டு முடிந்து வந்ததும் முதலில் அந்தப் பை ஆணியில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அதே மேடையில்தான். மடிக்கணினிகளை மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. மாணவருக்கு ஆளுக்கொரு கணினி என்று உலகத்தில் பேசிக்கொண்டிருந்த பல நாடுகள் எட்டாத எண்ணிக்கை இது. இலவசம் என்று ஏளனம் செய்தவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்குப் போன கணினி வகுப்புக்கு வரவில்லை. சில வருஷம் அது வந்து சேர்ந்ததே பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான். நேரத்தோடு வந்த வருஷங்களிலும் பள்ளிக்குக் கொண்டுவராதே, உடைந்தால் யார் பொறுப்பு என்பதே பேச்சு. இன்னொரு காரணமும் உண்டு, அதை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் வருஷக்கணக்கில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது. அந்தப் பெருமையைக் காப்பாற்றக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டெஸ்ட். தேர்வு தாளில், அதனால் படிப்பும் தாளில். கணினிக்கு அங்கே என்ன வேலை?

ஒருநாள் துணிந்து பிளஸ் டூ பிள்ளைகளை மடிக்கணினியோடு வரச் சொன்னேன். முந்தின வருஷம் படித்த எறிபொருள் இயக்கத்தைத் திரும்பப் பார்ப்பதாக ஏற்பாடு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘பெட்’ என்ற திட்டம் இருக்கிறது. அறிவியல் பாடங்களுக்கான பாவனைச் செயலிகளை இலவசமாகத் தருகிறார்கள். இறக்கிக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். பென்டிரைவில் ஏற்றிப் போய் ஒவ்வொன்றிலும் போட்டோம். அதற்கே அரை பீரியட். வகுப்பில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் ஆட்டம் கண்டது. சார்ஜ் இல்லாதவர்கள் பக்கத்துப் பெஞ்சுக்கு நகர்ந்தார்கள்.

திரையில் ஒரு பீரங்கி. கோணத்தை மாற்றி மாற்றிச் சுட வேண்டும், எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒரே கூச்சல். குண்டுக்குப் பதிலாகப் பூசணிக்காயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“சார், முப்பதுல சுட்டாலும் அறுபதுல சுட்டாலும் ஒரே எடத்துலதான் சார் விழுது.”

இதைக் கிடைத்தள நெடுக்கத்துக்கான சூத்திரமாகக் கரும்பலகையில் வருஷாவருஷம் எழுதியிருக்கிறேன். இவன் இதே சூத்திரத்தை மனப்பாடமாக எழுதி மார்க்கும் வாங்கியவன். அன்றைக்குத்தான் அது அவனுக்குச் செய்தியாக இருந்தது. வகுப்பு முழுக்க 20-ம் 70-ம், 40-ம் 50-ம் என்று சோதிக்க ஆரம்பித்துவிட்டது. வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் காற்றுத் தடையைச் சேர்த்துப் பார்த்தாள். “இப்ப ஒரே எடத்துல விழலையே சார், அறுபது முன்னாடியே விழுந்துருது” என்றாள். எங்கள் பாடம் காற்றைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஏன் அப்படி என்று பெல் அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். கரும்பலகைப் பக்கம் நான் போகவே இல்லை. பெஞ்சுகளுக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் வழக்கம்போல டெஸ்ட்.

பெரு நாட்டில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ இயக்கத்தின் வழியாக லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப்புறத்தின் 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வந்த அறிக்கை, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணவில்லை என்றது. கணினி வந்தது, பாடம் நடத்தும் முறை அப்படியே இருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002-இல் ஏழாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் கொடுத்தபோது ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. எங்கள் திட்டத்தில் பட்டியலில் இருந்தது மாணவர்கள் மட்டும்தான். பிள்ளையிடம் இருக்கும் பொருள் வாத்தியாரிடம் இல்லையென்றால் அதை வைத்து எப்படிப் பாடம் தயாரிப்பது?

வீட்டில் அது சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சினிமாவும் ஓடியது, கல்லூரி விண்ணப்பமும் ஸ்காலர்ஷிப் படிவமும் அதில்தான் போயின. 2020-இல் பள்ளிகள் மூடியபோது அண்ணனின் பழைய மடிக்கணினியில் தங்கை ஆன்லைன் வகுப்பு கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தரப்படும், முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அறிவித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எங்கள் மாவட்டத்துக்காரர். அந்த உரிமையில் கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நின்றுபோனதையும் திரும்பக் கொடுங்கள். ஜூனிலேயே கொடுங்கள், அதற்கு முந்தின கோடை விடுமுறையில் ஆசிரியருக்குக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு பீரியடை டெஸ்ட்டிலிருந்து விடுவித்துத் தாருங்கள். வகுப்புக்குப் பத்து பிளக் பாயிண்ட்டாவது போட்டுக் கொடுங்கள்.