1878, இடையன்குடி

என் ஆச்சியின் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற இடத்தில் போய் நிற்க வேண்டும். திருநெல்வேலியில் இருந்தவரை இந்த ஆசை எனக்கு வந்ததில்லை. அப்போது இடையன்குடி திசையன்விளை பஸ்ஸில் போய் இறங்கும் தூரம்தான். கிறிஸ்துமஸுக்குப் போனோம், ஆலய அசன விருந்துக்குப் போனோம், சாப்பிட்டுத் திரும்பினோம். கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து ஜாதவ்பூரில் குடியேறி, மகளும் இங்கேயே பிறந்து, அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் அந்த மனிதரின் நினைவு வந்தது. அதன்பின் அது போகவே இல்லை.

வீட்டு வேதாகமத்தின் முன்தாளில் ஆச்சியின் அப்பா மை தொட்டு எழுதிய ஒரு வரி இருக்கிறது. தகப்பனார் ஞானஸ்நானம் பெற்றது, இடையன்குடி, 1878. மாதம் இல்லை. கொடுத்த குருவானவர் பேர் இல்லை. வேதத்திலிருந்து எடுத்த புதுப் பேர் இருக்கிறது. அதற்கு முன் அவரைப் பெற்றவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அந்தப் பழைய பேர் தெரியாது.

இடையன்குடி என்றால் மிஷனரி கால்டுவெல். 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்தவர். தேரி மணல் சூழ்ந்த அந்த ஊருக்குத் தெரு வகுத்தார், கிணறு வெட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டதும் அந்த ஊழியத்தின் நடுவில்தான். அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இன்று நிற்கிற பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-இல் தொடங்கியது. முடிய 33 ஆண்டுகள் ஆயின. கல்லில் வரவேண்டிய வேலைப்பாட்டைக் கால்டுவெல் களிமண்ணில் செய்துகாட்டி உள்ளூர்க் கொத்தனார்களைப் பழக்கினார் என்று ஊரில் சொல்வார்கள். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரைக் கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

ஆலயப் பிரதிஷ்டை நடந்தது 1880-இல். அப்படியானால் 1878-இல் ஆச்சியின் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியது அந்தக் கோயிலின் ஆராதனையில் நின்று இருக்க வழியில்லை. சிறுவயதில் நான் அண்ணாந்து பார்த்து நின்ற அந்த உயரமான ஜன்னல்கள் அவருடைய ஞானஸ்நானத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் நெல்லைச் சபைகளில் எத்தனையோ கோயில்கள் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாகத்தான் இருந்தன. அப்படி ஒரு ஜெபவீட்டில், வெளியே கல் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் தலைகுனிந்து நின்றிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நான் தேடுவது அந்த ஓலைக்கூரையின் இடத்தை.

அந்த ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1876 முதல் 78 வரை தாதுவருஷப் பஞ்சம். நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஒரு சொல் அன்றிலிருந்து எங்களைத் தொடர்ந்து வருகிறது. ஆச்சியிடம் யாராவது அப்படிச் சொன்னால், "பசிச்சவனுக்கு யாரு கஞ்சி ஊத்துனாவ, அதச் சொல்லு மொதல்ல" என்பாள். எனக்கும் அதில் வெட்கமில்லை. பஞ்சம் போய் மழை பெய்தபின் பழைய இடத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. ஆச்சியின் தாத்தா திரும்பவில்லை. பனையேறிக்கொண்டே எழுத்துக் கற்றார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் இந்தக் குறிப்பை எழுதுவதும் அந்தப் பள்ளிக்கூடத்தால்தான்.

இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒன்று என்னை உலுக்கிவிட்டது. கால்டுவெல்லுக்கும் பாளையங்கோட்டை மிஷனரி சார்ஜென்டுக்கும் 1877 மார்ச் 11 அன்று ஒரே ஆராதனையில் பேராயர் அபிஷேகம் நடந்தது கொல்கத்தாவில், தூய பவுல் பேராலயத்தில். தாக்குரியா, கரியாஹாட் வழியாகப் பஸ்ஸில் நான் அடிக்கடி போய்வருகிற இடம் அது. எங்கள் ஊர் ஆலயத்தின் வேலை தொடங்கிய அதே 1847-இல்தான் இதன் பிரதிஷ்டையும். கால்டுவெல் பார்த்த கோபுரம் இப்போது இல்லை. 1897 பூகம்பத்தில் சேதமாகி, 1934 பூகம்பத்தில் மறுபடியும் விழுந்துவிட்டது. இப்போதுள்ளது கான்டர்பரி பேராலயக் கோபுரத்தின் சாயலில் பிறகு எழுப்பியது. ஆனாலும் அங்கே பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: இங்கே முழங்காலிட்டு எழுந்த மனிதர்தான் பஞ்சத்தின் நடுவே எங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பேர் மாறியது.

முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற இடத்தைத் தேடும் விஷயத்தில் ஸ்ரீராம்பூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாரக்பூரில் படகேறி ஹூக்ளியைக் கடந்தால் ஸ்ரீராம்பூர். மிஷனரி வில்லியம் கேரி 1800 டிசம்பர் 28 அன்று கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்த ஆற்றில். அவர் வம்சத்தில் வந்தவர்கள் இடிந்த சுவரையோ பழைய கூரையையோ தேட வேண்டாம், ஆறு ஓடிக்கொண்டேயிருக்கிறது. தரங்கம்பாடியும் ஸ்ரீராம்பூரும் ஒரே டென்மார்க் அரசின் ஊர்களாக இருந்து, 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டது. இன்றிருப்பது 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அந்தக் கரையின் முதல் கிறிஸ்தவர்களுக்கும் என்னைப் போலவே ஒரு தொலைந்த கோயில் உண்டு. எங்கள் சேகரத்துக் குருவானவர்கள் பலரும் வாங்கியிருப்பது ஸ்ரீராம்பூர் இறையியல் பட்டம். தெற்கும் இந்த ஆற்றங்கரையும் அவ்வளவு நெருக்கம் என்று ஊரில் இருந்தபோது எனக்குத் தோன்றியதேயில்லை.

மகளின் ஞானஸ்நானச் சான்றிதழில் எல்லாம் இருக்கிறது. தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவானவர், ஆலயம். நூறு வருஷம் கழித்து அவளைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

போன வாரம் ஊரில் இருக்கிற சித்தப்பாவிடம் போனில் பேசினேன். பழைய ஜெபவீடு எந்தப் பக்கம் இருந்தது என்று வயதானவர்கள் யாரையாவது கேட்டு வைக்கச் சொன்னேன். பதிவேட்டில் 1877, 78 பக்கங்களைப் பார்க்கக் குருவானவரிடம் அனுமதியும் கேட்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேக்கேன்டே. ஆனா அந்தக் காலத்துக் கையெழுத்த நான் ஒத்தையில வாசிக்க மாட்டேன். நீ பிள்ளையளயும் கூட்டிட்டு வா, சேந்து உக்காந்து பாப்போம்." ஹவுராவிலிருந்து கன்னியாகுமரி ரயிலில் மே மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.