ஃபார்கோவின் இடது முன்சக்கரம்

சனி, கரமனை

பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அப்பா காலத்திலேயே இந்தக் குறை உண்டு. ஸ்டியரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டே பிரேக் போடுவார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு அரிசியும் வாழைக்காயும் ஏற்றிவந்த ஃபார்கோ லாரி அது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டியது. கிறைஸ்லர் கம்பெனி தன் டாட்ஜ் லாரியையே ஃபார்கோ என்ற பெயரிலும் விற்றது. நம்பர் பலகையில் இன்னும் பழைய கே.எல்.டி. எழுத்துகள்தான்.

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். வலச் சக்கரத்து நட்டுகள் எல்லா நட்டும் கழல்கிற திசையிலேயே கழன்றன. இடச் சக்கரமும் அதே திசையில் கழன்றதும் மேஸ்திரி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நம்ம வண்டிக்க ஹப் இல்ல மக்களே. வலத்த பக்கத்து ஹப்ப எடுத்து இங்க மாட்டியிருக்கானுவ.”

கிறைஸ்லர் லாரிகளில் இடப்பக்கத்து ஸ்டடுகளுக்கு இடது மரை. வண்டி முன்னோக்கி ஓட ஓட, சக்கரம் சுழலும் வேகத்தில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஸ்டடின் முனையில் ஆங்கில ‘எல்’ எழுத்து குத்தியிருக்கும். எங்கள் வண்டியின் இடப்பக்கத்தில் ஒரு ஸ்டடிலும் அந்த எழுத்து இல்லை. வேறொரு லாரியின் ஹப்பைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருடமும் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் குழித்துறை இறக்கத்திலும் ஓடியிருக்கிறது.

ஞாயிறு

டிரம்மைக் கழற்றியதும் இன்னும் தெரியவந்தது. இடது டிரம் வலதைவிட ஆழம் கூடியது. பெரிய மாடலுடையதாக இருக்க வேண்டும். வீல் சிலிண்டரை வெர்னியர் வைத்து அளந்தோம். வலது ஒன்றே அரைக்கால் அங்குலம், இடது ஒன்றேகால். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஆனால் பிரேக் ஷூவைத் தள்ளும் பலம் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பார்வைக்கு அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம். பலத்திலோ இடப்பக்கம் நூற்றுக்கு 23 பங்கு கூடுதல். அப்பாவின் தோள் தாங்கியது அந்த 23 பங்கைத்தான்.

உள் பேரிங்கைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கப் ஒரு நம்பர், கோன் வேறு நம்பர். சரிவுப் பேரிங்கில் இரண்டின் சாய்வும் பொருந்தினால்தான் உருளை நீளவாக்கில் முழுவதும் பாரம் தாங்கும். இதில் உருளைகள் ஒரு விளிம்பில் மட்டும் உரசி, சூட்டில் நீலம் பாரித்திருந்தன. இடைவெளி தெரியாமலிருக்கத் தகரத்தை வெட்டிச் செருகியிருந்தார்கள். நெல்மூட்டை ஏற்றிய லாரிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துபோகும் சாலை அது. அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர ஒரு நாள் செய்த ஒட்டுவேலையை மறுநாள் மாற்றியிருக்க வேண்டும்.

செவ்வாய், பாப்பனங்கோடு

லேத் பட்டறையில் காத்திருந்தேன். பக்கத்தில்தான் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெரிய பணிமனை. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ் சேவையைத் தொடங்கிவைத்தபோது, லண்டனிலிருந்து வரவழைத்த சால்ட்டர் என்ற அதிகாரியே முதல் பஸ்ஸை ஓட்டினார். அந்த பஸ்களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். எங்கள் ஃபார்கோவிலும் சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் பி6தான். அந்த எஞ்சின் தெரிந்த கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. முன்சக்கரம் தெரிந்த கைகள்தான் குறைந்துபோயின.

பேரிங் கவலை தீர்ந்தது. லாரி கம்பெனி மூடிப்போனாலும் சரிவுப் பேரிங்கின் அளவுகள் உலகம் முழுக்கப் பொது. வலப்பக்கத்து நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் கப்பும் கோனும் சேர்ந்த புதிய செட்டை எடுத்துக் கொடுத்தார். சிலிண்டருக்கு ரப்பர் கிட்டும் அளவு சொன்னால் கிடைக்கிறது. ஹப்பும் டிரம்மும்தான் எங்கும் இல்லை. ஸ்டடைப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம் என்றார் லேத்காரர். சாதா இரும்பில் வேண்டாம், ஹைடென்சைல் கம்பியில்தான் வேண்டும் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளி

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஃபார்கோவின் முன் அச்சு முழுதாகக் கிடக்கிறது என்று தகவல் வந்தது. “உங்களுக்கு லெஃப்ட் மட்டும் போதும்ல, கழட்டி அனுப்பிடறேன்ணே” என்றார் அந்தக் கடைக்காரர். வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்த்தே அனுப்புங்கள் என்றேன். செலவு இரட்டிப்புதான். ஆனால் ஒரே அச்சில் சேர்ந்து தேய்ந்த ஜோடியைப் பிரித்தால், நம் வண்டிக்கு நேர்ந்ததே இன்னொரு வண்டிக்கும் நேரும்.

மறு ஞாயிறு, நேமம்

புதுப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு டிரம்மையும் ஒரே விட்டத்துக்குக் கடைந்தாயிற்று. கிங் பின் புஷ்களை மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டுச் சரிசெய்தார் மேஸ்திரி. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே அச்சு நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, ஸ்பிளிட் பின் துளை நேரே வந்ததும் பின்னைக் கோத்தார். இடப்பக்கத்தில் ‘எல்’ குத்திய பழைய ஸ்டடுகள் வந்திருந்தன. நட்டுகள் இப்போது எதிர்த்திசையில் இறுகின.

அரிசி ஆலைக் களத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தளர்த்தி பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராக நின்றது. மணலில் இரண்டு தடமும் ஒரே நீளம்.

இனி இந்த வண்டியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமலிருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும் ‘வி.ஏ.’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு உண்டு. சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. மகாராஜாக்களின் கார்களைக் காப்பாற்றும் சட்டம், ஊருக்குச் சோறு சுமந்த வண்டியை வாடகை வண்டியாக மட்டுமே பார்க்கிறது. மதிப்பில்லாத வண்டிக்கு உதிரிபாகத்தை யார் பாதுகாப்பார்கள்? அதனால்தான் தகரமும் ஒட்டும் ஏறுகின்றன. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த விதியில் சரக்கு வாகனங்களையும் சேர்க்க வேண்டும். உங்கள் பட்டறையின் மூலையில் பழைய லாரி ஹப்போ டிரம்மோ கிடந்தால், எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று பெயிண்டில் எழுதிவையுங்கள். ஜோடியைப் பிரித்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.