மழைக் கொப்பி

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அட்டையில் பெயர், தரம், பாடம் என்று மூன்று கோடுகள். பாடம் என்ற கோட்டில் "மழை" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒருநாள் அது புத்தகப்பையிலிருந்து விழுந்தபோது, பக்கத்தில் இருந்த தோழி எடுத்துப் பார்த்துவிட்டு, "கவிதையா எழுதுறாய்?" என்று ஆசையோடு கேட்டாள். திறந்து பார்த்தவளுக்கு ஏமாற்றம். உள்ளே திகதிகளும் எண்களும்தான் இருந்தன. 4, 0, 0, 17, 31, 2...

சிலர் முத்திரை சேர்க்கிறார்கள். சிலர் கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெட்டி ஒட்டுகிறார்கள். நான் மழையைச் சேர்க்கிறேன். இந்தப் பொழுதுபோக்கால் எனக்கு ஒருமுறை பெரிய வெட்கம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அங்கே எங்களுக்கு ஒரு சில்லறைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. நான் தரம் 11 இல் படிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு முன்பே எழும்ப வேண்டும். சுபஹுத் தொழுது, உம்மா சுட்டுத் தரும் ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டு, மீதியைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், லயத்துப் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் நடந்து பிரதான வீதிக்கு வரலாம். அங்கிருந்து பதுளைக்கு பஸ். பின்னேரம் திரும்பியதும் கடையில் சீனி நிறுப்பது, கடன் கொப்பியில் பெயர் எழுதுவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. வாரத்தில் இரண்டு நாள் ரியூஷன். இரவில் பாடம். இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களைத்தான் மழைக்குக் கொடுத்திருக்கிறேன்.

இது தொடங்கியது கொரோனாக் காலத்தில். பாடசாலைகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிய கதை உலகம் முழுக்கப் போனது. லுணுகலையில் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிப் படித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி மரவீடு இல்லை. கடையின் பின்சுவரோரம் ஒரு கல்லின் மேல் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். அந்தக் கல்லில் நின்றுதான் புவியியல் டீச்சரின் குரற்செய்தியைக் கேட்டேன். "வீட்டில் இருப்பதைக் கொண்டே ஒரு மழைமானி செய்யுங்கள். ஒரு மாதம் அளந்து எழுதுங்கள்" என்றார்.

செய்வது மிகச் சுலபம். நேரான சுவருள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் அதன் மேலேயே வைக்க வேண்டும். அடிப்பகுதி வளைந்திருப்பதால் கொஞ்சம் கூழாங்கல்லைப் போட்டு, நேரான சுவர் தொடங்கும் இடம் வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மட்டம்தான் பூச்சியம். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறித்துவிட்டால் மழைமானி தயார். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் அசையாமல் வைக்க வேண்டும். போத்தல் அகலமோ ஒடுக்கமோ, சுவர் நேராக இருந்தால் உயரம் ஒன்றுதான். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரை ஏறக்குறைய 50 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 5000 லீற்றர் விழுகிறது. 200 லீற்றர் பீப்பாய்களில் பிடித்தால் 25 பீப்பாய்! இதைக் கணக்குப் பார்த்த அன்று நான் மலையை நிமிர்ந்து பார்த்தேன். அந்த மலை எத்தனை கூரை?

ஒரு மாத வேலை முடிந்தது. ஆனால் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. பாடசாலை மறுபடி திறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. நமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஒருநாள் மழைக்கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன். உம்மாவிடம் கேட்டேன்.

உம்மா ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். பேனை பிடித்து எத்தனையோ வருடங்கள். "அது எனக்குச் சரிவராது மகள்" என்றார். ஆனாலும் மறுக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் நான் வந்து பார்த்தால், அடுப்படித் தட்டில் ஒரு ஜாம் போத்தல் நிறையத் தண்ணீர். "இன்றைய மழை. நீயே அளந்துகொள்" என்றார். கூழாங்கல் நனைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றி வைத்திருந்தார்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அடுத்த வாரம் கோட்டை வாசிக்கப் பழகினார். அதற்கடுத்த வாரம் தானே எழுதினார். அன்றிலிருந்து கொப்பியில் இரண்டு கையெழுத்து. சனி, ஞாயிறு என்னுடையது. மற்ற நாட்கள் உம்மாவுடையது. உம்மாவின் பூச்சியம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

பக்கங்கள் நிறைய நிறைய, எங்கள் மலையின் வருடம் கண்ணுக்குத் தெரிந்தது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரிசையாகப் பூச்சியங்கள் வரும். தென்மேல் பருவக்காற்று மழையை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். அந்த உலர்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற வாசனை வருகிறது என்று டீச்சர் சொன்னார். இதைக் கீழ் லயத்துப் பாட்டியிடம் சொன்னேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். "வாசம் வரும் பாப்பா. கொழுந்துதான் வராது. கிலோ நெறையாம நாங்க பட்ட பாடு!" என்றார். எனது பூச்சியங்களுக்கு இப்படியொரு அர்த்தமும் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

பாட்டிக்கு மில்லிமீற்றர் தெரியாது. "நேத்து ஒரு உழவு மழ" என்பார். கலப்பை இறங்குமளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. இந்தியாவிலிருந்து வந்த முன்னோர் கொண்டுவந்த அளவு அது. பொது நூலகத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன், கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில் 1441ஆம் ஆண்டளவிலேயே மழைமானி செய்து ஊர்களுக்கு அனுப்பி மழையைப் பதிந்தார்களாம். அதற்கும் வெகுகாலம் முந்திய அர்த்தசாஸ்திரத்திலும் மழை அளக்கும் பாத்திரம் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் விளைச்சலுக்காக அளந்தார்கள். எங்கள் மலைகளில் அளக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29. நான் அப்போது முதலாம் வகுப்பு. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடு இல்லை, தாய் தந்தையும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். வேறு வீடு இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று எல்லைகள் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். இந்த மூன்று எண்களையும் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தேன்.

சென்ற வருடம், இடைப்பருவ மழைக்காலத்தில் ஒரு இரவு. பகலிலிருந்தே மழை. இரவு பத்து மணிக்குப் பார்த்தபோது 71. பதினொன்றரைக்கு 104. வானொலியில் எங்கள் மாவட்டத்துக்கும் மண்சரிவு எச்சரிக்கை சொன்னார்கள். என் கை நடுங்கியது. வாப்பாவை எழுப்பினேன். "கடையை விட்டுவிட்டு எங்கே போவது? அரிசி மூட்டை, மா மூட்டை எல்லாம் இருக்கு. விடிந்ததும் பார்ப்போம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு.

அப்போது உம்மா குடையும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். குனிந்து பார்த்துவிட்டு நனைந்தபடி உள்ளே வந்தார். "நூற்றி எட்டு. மகள் சொல்றதை விடுங்க. இது நான் பார்த்த கணக்கு" என்றார். வாப்பா ஒன்றும் பேசாமல் சாரனை மடித்துக் கட்டினார்.

கீழ் லயத்தைத் தட்டி எழுப்பினோம். எட்டுக் குடும்பம். பாட்டிதான் முதலில் வெளியே வந்தார். "சாயங்காலமே பீலித் தண்ணி கலங்கலா வந்துச்சு" என்றார். மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று துண்டுப் பிரசுரத்தில் நான் வாசித்தவற்றில் அதுவும் ஒன்று. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மேட்டிலிருந்த பிள்ளைமடுவத்துக்குப் போய் விடியும்வரை விழித்திருந்தோம்.

மூன்று மணிக்கு மழை விட்டது. விடிந்து பார்த்தால் மலை அப்படியே நின்றது. கடைக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் ஒரு கூடை மண் சரிந்திருந்தது. அவ்வளவுதான்.

நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்கள் கடினமாக இருந்தன. இரவெல்லாம் விழித்தவர்கள் பெரட்டுக்குப் பிந்திப் போனதால் சிலருக்கு அரைப்பேர்தான் விழுந்தது. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு அக்கா கடைக்கு வந்து பால்மா வாங்காமல் சீனி மட்டும் வாங்கிப் போனார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பஸ்ஸில் பையன்கள், "மழைப் பாப்பா, இன்னைக்கு மலை விழுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கொப்பியை அலுமாரிக்குள் தள்ளிவிட்டேன். போத்தல் பக்கமே போகவில்லை.

ஒன்பது நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது கொப்பி கையில் பட்டது. திறந்தேன். ஒன்பது நாளும் எழுதப்பட்டிருந்தது. 6, 0, 12, 0, 0... சாய்ந்த பூச்சியங்கள். சனியும் ஞாயிறும்கூட உம்மாவின் கையெழுத்திலேயே இருந்தன. கேட்டேன். "நீ கோபத்தில் இருக்கிறாய் என்று மழை பெய்யாமல் இருக்குதா?" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். "100 என்ற எண் மலை விழும் என்று சொல்லவில்லை. மண்ணுக்குள் தண்ணீர் நிறையும்போது அதன் பாரம் கூடும், பிடிமானம் குறையும். இன்றைக்கு ஆபத்து அதிகம், ஆயத்தமாக இரு என்பதுதான் அதன் அர்த்தம். நீ குறி சொல்லவில்லை, அளந்தாய்" என்றார். பாட்டி வேறு விதமாகச் சொன்னார். "விழாததுக்கா அழுவுற? விழுந்திருந்தா ஒன்னய ஏசுறதுக்கு யாரு இருந்திருப்பா?"

ஆனால் அந்த அக்காவின் அரைப்பேர் இன்னும் என் மனதில் இருக்கிறது. எச்சரிக்கையின் செலவை நாட்கூலிக்காரர் மட்டும் சுமந்தால், அடுத்த முறை அவர்கள் எப்படி எழும்பி வருவார்கள்? தோட்டத் தலைவர் மாமாவிடம் இதைச் சொன்னேன். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இரவுகளுக்கு மறுநாள் பெரட்டில் சலுகை வேண்டும் என்று அவர் ஒரு கடிதம் எழுதினார். என் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து அதோடு இணைத்தோம். இதுவரை பதில் வரவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு புவியியல் எடுக்க எனக்கு விருப்பம். வர்த்தகம் எடுத்தால் கடைக்கு உதவும் என்று வாப்பா இன்னும் சொல்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கடைத் தட்டில் தீப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டோர்ச் எப்போதும் இருக்கிறது. சுவரில் வாப்பாவே 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.

தங்கைமாரே, உங்கள் வீட்டிலும் ஒரு வெற்றுப் போத்தல் இருக்கும். பெற்றோரே, பிள்ளை அதை வெட்டினால் ஏசாதீர்கள். முடிந்தால் காலை 8.30க்கு நீங்களே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இன்று பாடசாலை விட்டு வந்து கொப்பியைத் திறந்தேன். நேற்றிரவுத் தூறலுக்கு உம்மா 3 என்று எழுதி, பக்கத்தில் முதன்முறையாக ஒரு சொல்லும் எழுதியிருந்தார்: "சரி."