விழுவதற்கு ஒரு தரை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பெர்க்‌ஷயர் மலைகளுக்குள் 20ஆம் எண் நெடுஞ்சாலை பெக்கெட் என்ற சிற்றூரை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. அந்த ஏற்றத்தை யாக்கோபின் ஏணி என்கிறார்கள். ஏறி முடித்த இடத்தில் ஒரு பழைய பண்ணை வீடு, அதன் அருகே சாய்ந்து கிடக்கும் பெரிய பாறை. விவிலியத்தில் யாக்கோபு தலைவைத்துப் படுத்த கல்லை நினைத்து அந்தப் பாறைக்கு வைத்த பெயரைத்தான் இன்று உலகெங்கும் நடனக்காரர்கள் சொல்கிறார்கள்: ஜேக்கப்ஸ் பில்லோ. அமெரிக்காவில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் நடன விழா இங்கேதான்.

விழாவின் கடைசி இரவுக்குப் போனோம். ஆகஸ்ட் முடியப்போகிற நேரம். ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஆனது. தம்பி மனைவி ஓட்டினாள். பின்னிருக்கையில் அவர்கள் மகள், பதினைந்து வயது, சின்னப் பிள்ளையிலிருந்து பரதம் கற்பவள். அடுத்த கோடையில் அரங்கேற்றம். வழியெல்லாம் வர்ணத்தின் ஜதிகளைத் தொடையில் தட்டிக்கொண்டே வந்தாள்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தால் விழா நடக்கும் இடம் என்றே தோன்றாது. புல்வெளி, மரப் பலகையால் ஆன கொட்டகைகள், கல் சுவர்கள், போர்வை விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள். 1931இல் டெட் ஷான் என்ற நடனக் கலைஞர் இந்தப் பண்ணையை வாங்கினார். ஆண் ஆடினால் கேலி செய்த காலம் அது. அவர் ஸ்பிரிங்ஃபீல்டு உடற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தி, விளையாட்டு வீரர்களாக இருந்த இளைஞர்களை இங்கே கூட்டிவந்து, 1933இல் ஆண்கள் மட்டுமே ஆடும் குழுவைத் தொடங்கினார். அவர்களே தோட்டம் போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள், பார்க்க வந்தவர்களுக்குத் தேநீரும் ஆடுகிறவர்களே கொடுத்தார்கள். குழு 1940இல் கலைந்தது. இடம் கலையவில்லை. 1942 ஜூலையில் டெட் ஷான் அரங்கம் திறந்தது. நடனத்துக்கென்றே திட்டமிட்டு அமெரிக்காவில் கட்டிய முதல் அரங்கம் இதுதான் என்கிறார்கள். போர்க்காலம். பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். ஆனாலும் ஜனங்கள் அந்த மலையேற்றத்தை நடந்தே ஏறி வந்து பார்த்தார்கள்.

ஆட்டம் தொடங்க நேரம் இருந்ததால் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். அதுவும் ஒரு பழைய களஞ்சியம்தான். ஷான் சிவனாக வேடமிட்டு, திருவாசி போன்ற வளையத்துக்குள் நிற்கும் படத்தை மருமகள் உற்றுப் பார்த்தாள். 1925இலும் 1926இலும் அவரும் அவர் மனைவி ரூத் செயின்ட் டெனிஸும் தங்கள் டெனிஷான் குழுவோடு ஆசியா முழுக்கச் சுற்றினார்கள், இந்தியாவில் மாதக்கணக்கில் ஆடினார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த ஆட்டம் அது. "இது அடவே இல்லையே அத்தை" என்றாள். இல்லைதான். கற்றுக்கொள்ளாமலே ஒன்றின் மேல் வைத்த ஆசை அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆசைதான் பிற்பாடு உண்மையான கலையை இந்த மலைக்கு வரவழைத்தது என்று நம்புகிறேன். 1962இல் இதே ஷான் அரங்கத்தில் தஞ்சாவூர் பாலசரஸ்வதி ஆடினார். அப்போது அவருக்கு 44 வயது.

அதை அங்கே நின்றபடி எண்ணிப் பார்த்தேன். பதம் என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்? சாகித்யத்தில் ஒரு சொல் புரிந்திருக்காது. ஒரே வரிக்கு அவர் முகம் பத்து விதமாக மாறும்போது, எந்த வரி என்றே தெரியாமல் பார்த்திருப்பார்கள். பார்த்தார்கள், எழுந்து போகவில்லை, அதன் பிறகு அமெரிக்கா அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது. அன்று அவர்கள் உட்கார்ந்த இடத்தில் இன்று நான். நவீன நடனத்துக்கு முன்னால் நம்மில் பலரும் அப்படித்தான் அமர்கிறோம். கதை எங்கே, பாவம் எங்கே என்று தேடுகிறோம், கிடைக்காவிட்டால் உதறிவிடுகிறோம். சென்னையில் நடன இயக்குநர் சந்திரலேகா வாழ்நாளெல்லாம் பட்ட பாடு இதுதான். 2001இல் வந்த அவருடைய 'சரீரா'வை பெசன்ட் நகர் ஸ்பேசஸ் அரங்கில் பார்த்திருக்கிறேன். குந்தேச்சா சகோதரர்களின் துருபதில் ஒரு பெண்ணின் கால் தரையை விட்டு மேலெழ எத்தனையோ மூச்சுகள் ஆகும். பக்கத்தில் இருந்தவர் கடிகாரம் பார்த்தார். எனக்கோ அந்தக் கால் இறங்கிவிடக் கூடாதே என்று இருந்தது.

மாலை ஆட்டம் திறந்தவெளி மேடையில். பள்ளத்தாக்கை நோக்கிய ஒரு மரத் தளம், அதற்குப் பின்னால் மலைகளும் வானமும் மட்டும். தொடங்குமுன் நாலு தூறல் விழுந்தது. உடனே ஊழியர்கள் துண்டுகளோடு ஓடிவந்து மண்டியிட்டு, பலகை பலகையாகத் துடைத்தார்கள். ஆட வேண்டிய பெண்களில் ஒருத்தியும் வந்து, வெறுங்காலைத் தளத்தில் தேய்த்துத் தேய்த்து ஈரம் பார்த்தாள். ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே மறுபடி துடைத்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. பார்வையாளர்கள் கைதட்டினார்கள், துடைத்ததற்காக. ஐந்து பேர் ஆடிய அந்த ஆட்டம் சுமார்தான், கை வீச்சு மிகுதி. ஆனால் மேலே கூரை இல்லாததால் ஒவ்வொரு துள்ளலும் மலையின் தோள் வரை போய்வந்தது.

இருட்டியதும் ஷான் அரங்கத்துக்குள் போனோம். மரச் சுவர், மர உத்தரம், மரத்தாலேயே ஆன பெரிய வீடு. இங்கே மரம் என்றாலே நெருப்பின் நினைவும் வரும். 2020 நவம்பரில் பக்கத்து டோரிஸ் டியூக் அரங்கம் முழுதும் எரிந்துபோனது. நெதர்லாந்தின் மெக்கானூ நிறுவனம் வடிவமைத்த புது அரங்கம் அதே பெயரில் 2025 ஜூலையில் திறந்தது. அதிலும் மரத்தையே முன்வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் ஒரு ஆணும் பெண்ணும். இசையே இல்லை. அவள் அவன் தோளில் சாய்கிறாள், அவன் நகர்கிறான், அவள் விழுகிறாள். அடுத்த முறை அவன் நகர்வதற்கு முன்பே அவள் நகர்கிறாள், அவன் விழுகிறான். இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒவ்வொரு முறையும் சாய்வு கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஒரு கட்டத்தில் அவள் உடல் முழுவதும் அவனுடைய இடது முழங்கை மேல் மட்டுமே நிற்கிறது. அவன் விரல்கள் நடுங்குவது மூன்றாவது வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது, இருவரின் மூச்சும் கேட்டது. முகத்தில் ஒன்றுமே இல்லை. நவரசத்தையும் முகத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதலில் வெறுமையாகத்தான் படும். பிறகு கண் மெதுவாகக் கீழே இறங்குகிறது. அவள் முதுகு பேசுகிறது, அவன் குதிகால் பயப்படுகிறது.

விழுவதை நடனமாக்கியது இந்த ஷானின் வீட்டிலிருந்து வெளியேறிய பெண்கள்தான். மார்த்தா கிரஹாமும் டோரிஸ் ஹம்ஃப்ரியும் டெனிஷானில் பயின்றவர்கள், பிறகு அந்த அலங்காரங்களை உதறிவிட்டுப் போனவர்கள். கிரஹாம் மூச்சு வெளியேறும்போது வயிறு ஒடுங்குவதைப் பிடித்துக்கொண்டார். ஹம்ஃப்ரி, உடல் சாய்ந்து விழப்போவதற்கும் மீள்வதற்கும் இடையில் இருக்கும் அந்தக் கணத்தில்தான் ஆட்டம் இருக்கிறது என்றார். இன்று நவீன நடனம் என்று எங்கே எதைப் பார்த்தாலும் அந்த இருவரின் கணக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

விழ வேண்டுமானால் தரை சரியாக இருக்க வேண்டும். இம்மாதிரி அரங்குகளில் ஆடுதளம் நேராகச் சிமென்ட்டில் படிந்திருக்காது. அடியில் மரச் சட்டங்கள் கொடுத்து, அதன் மேல் பலகை அடித்து, அது உடலின் எடையை வாங்கிச் சிறிது அமிழ்ந்து திருப்பித் தரும்படி செய்திருப்பார்கள். மேலே வழுக்காத மார்லி விரிப்பு. நம் ஊரில் எத்தனை மேடைகளில் சிமென்ட் மேலேயே கம்பளத்தை விரித்துவிட்டுக் குழந்தைகளைத் தட்டடவு போடச் சொல்கிறோம்! முப்பது வயதில் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிற பெண்களை எனக்குத் தெரியும். லட்சக்கணக்கில் பட்டுக்கும் நகைக்கும் செலவழிக்கிறோம், தரைக்குச் செலவழிப்பதில்லை. இதை அந்த இருட்டில் நினைத்தபோது கோபமே வந்தது. ஊர் திரும்பியதும் தெரிந்த சபாக்காரர்கள் எல்லோரிடமும் பேசுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கடைசியாக ஒன்பது பேர் கொண்ட குழு. நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். ஓட்டத்தின் நடுவிலேயே ஒருத்தி பக்கவாட்டில் சரிந்து, தோளால் தரையில் வழுக்கி, அதே வேகத்தில் எழுந்து ஓட்டத்தில் சேர்ந்துகொள்வாள். சத்தமே வராது. நாட்டியத்தில் பாதம் தரையைத் தட்டி எழுப்புகிறது, இங்கே உடல் தரையிடம் தன்னைக் கொடுத்து வாங்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் விழுகிறவர்களில் எல்லோரும் எழவில்லை. எட்டானது, ஆறானது. ஓடுகிறவர்கள் கிடப்பவர்களைத் தாண்டி ஓடினார்கள். அப்போது மேடையின் பின்சுவரில் இருந்த பெரிய கதவுகளைத் திறந்தார்கள். விளக்கு வெளிச்சம் பட்ட மரங்களும் ஈரக் காற்றும் சில்வண்டுச் சத்தமும் உள்ளே வந்தன. மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் காட்டுக்குள் ஓடிப்போனார்கள். கடைசிப் பெண் வாசலருகே விழுந்தாள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. காட்டுக்குள் போனவர்கள் காலில் ஒட்டிய இலைகளோடு திரும்பிவர, ஒன்பது பேரும் வணங்கினார்கள். பருவத்தின் கடைசி இரவு என்பதால் பக்கவாட்டிலிருந்து விளக்குக்காரர்கள், தைப்பவர்கள், மாலையில் தளம் துடைத்தவர்கள் என எல்லோரையும் மேடைக்கு இழுத்துவந்தார்கள். என் தொண்டை அடைத்துக்கொண்டது.

கார் மலையிறங்கத் தொடங்கியதும் மருமகள் கேட்டாள்: "அத்தை, அந்தக் கடைசி அக்கா ஏன் எழுந்திருக்கவே இல்ல?"

"களைச்சுப் போயிருப்பா. அதான் கதை" என்றாள் தம்பி மனைவி.

"இல்லம்மா. கை எழுந்திருச்சு. வலது கை. லைட் அணையறதுக்கு முன்னாடி விரல் தரையை அழுத்துச்சு. நீ பாக்கல."

"நானும் அங்கதான்டி இருந்தேன்."

ஸ்பிரிங்ஃபீல்டு விளக்குகள் கண்ணில் படும்வரை தாயும் மகளும் அந்தக் கையைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தார்கள். நான் மகள் பக்கம்.